பெரியப்பாவின் காதும் என் கேமராத் திரையும்

பெரியப்பாவின் காது மடலில் சின்ன வயதில் கடுக்கன் போட்ட துளை இன்னும் தூர்ந்துபோகாமல் இருக்கிறது. நான் எடுத்த படத்தில் அந்தத் துளை அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது, பக்கத்தில் இருக்கும் நரைமுடியை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். கண்கள் மட்டும் கலங்கிக் கிடக்கின்றன. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அவர் வீட்டுத் திண்ணையில், விளக்கு வைக்கிற நேரத்தில், அவருடைய பழைய நிக்கார் 50 எம்எம் எஃப் 1.4 லென்ஸை என் கேனான் 5டி மார்க் 2-வில் மாட்டி எடுத்த படம். கண் வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரில் பார்த்தபோது அவர் கண் நன்றாகத் தெரிந்தது, இமைமுடி தெரிந்தது, அதைப் பார்த்துத்தான் பட்டனை அழுத்தினேன். ஏனோதானோ என்று எடுத்திருந்தால் அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பேன். நிதானமாகப் பார்த்து, தெளிவாக இருக்கிறது என்று நம்பி எடுத்தது இப்படி வந்தால் எதைத் திருத்துவது? அந்தக் கேள்வி என்னை நாலு மாதம் விடவில்லை.

அதே வாரம் மாசி மகம். பாடலீஸ்வரர் தீர்த்தவாரிக்கு வரும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு விடிவதற்கு முன்பே போய்விட்டேன். சுற்றுப்பட்டுக் கிராமத்துச் சாமிகள் ஒவ்வொன்றாக வந்து சேர, மணலில் உட்கார்ந்து திதி கொடுப்பவர்கள், பேரப்பிள்ளையைக் கையில் பிடித்தபடி அலைக்கு அருகில் நிற்கும் பாட்டிகள் என்று முகங்களுக்குக் குறைவே இல்லை. வெயில் ஏறுவதற்குள் 60 படம் எடுத்தேன், எல்லாம் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, 1.4 அல்லது 2-ல் (எண் சிறியதானால் துளை பெரிது). வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் 9 படத்தில்தான் நான் வைத்த இடத்தில் ஃபோகஸ் நின்றிருக்கிறது. மீதியில் சிலவற்றில் முன்னால் போயிருந்தது, சிலவற்றில் பின்னால்.

யாரிடம் சொன்னாலும் வயதைத்தான் கேட்டார்கள். 47 ஆகிறது, கண்ணாடி போட்டிருக்கிறேன், அதனால் கண்ணாகத்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன். கண் பரிசோதனை செய்து புதுக் கண்ணாடி வாங்கினேன். வியூஃபைண்டர் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி, உள்ளே தெரியும் ஏஎஃப் (ஆட்டோஃபோகஸ்) புள்ளிகளின் கோடுகள் கூர்மையாகும் வரை சரிசெய்தேன் (இதை எல்லோரும் முதலில் செய்துவிட வேண்டும், சிலருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்). படம் மாறவில்லை.

அடுத்த சந்தேகம் திரையின் மேல். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சம் மிரரில் பட்டு மேலே திரும்பி, ஃபோகஸிங் ஸ்கிரீன் என்கிற அந்தச் சின்ன மேட் பிளாஸ்டிக் தகட்டில் விழுகிறது; நாம் பார்ப்பது அதில் விழும் பிம்பத்தைத்தான். லென்ஸிலிருந்து படம் பதிகிற சென்சாருக்கு எவ்வளவு தூரமோ, மிரர் வழியாக அந்தத் திரைக்கும் அதே தூரம் இருக்க வேண்டும். மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்கு தள்ளியிருந்தாலும் கண் ஒன்றைப் பார்க்கும், சென்சார் இன்னொன்றைப் பார்க்கும். சோதிப்பது சுலபம். முக்காலியில் கேமராவை வைத்து, சுவரில் ஒட்டிய செய்தித்தாளை லைவ் வியூவில் (சென்சார் பார்ப்பதைக் கேமராவின் பின்பக்கம் காட்டுவது) 10 மடங்கு பெரிதாக்கி ஃபோகஸ் செய்துவிட்டு, லென்ஸைத் தொடாமல் லைவ் வியூவை அணைத்து வியூஃபைண்டரில் பார்க்க வேண்டும். பார்த்தேன். எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. திரை அதன் இடத்தில்தான் இருக்கிறது. யோசித்தால் அதுவே முன்பே புரிந்திருக்க வேண்டிய விஷயம்: திரை தள்ளியிருந்தால் எல்லாப் படமும் ஒரே பக்கம் தவறியிருக்கும், என்னுடையவை முன்னும் பின்னுமாகச் சிதறியிருந்தன.

வளையத்தைத் திருப்பிய ராத்திரி

இங்கே லென்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியப்பா ஸ்டேஷன் பக்கம் ஸ்டுடியோ வைத்திருந்தவர். நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவையும் இந்த 50-ஐயும் வைத்துக்கொண்டு இந்த ஊரில் பாதிக் கல்யாணங்களை எடுத்திருக்கிறார். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறியபோது ஸ்டுடியோவின் கூரை போய், உள்ளே இருந்ததெல்லாம் நனைந்து வீணானது. வீட்டு பீரோவில் இருந்ததால் இந்த லென்ஸ் தப்பியது. நிக்கான் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம் 46.5 மில்லிமீட்டர், கேனான் ஈஓஎஸ்ஸில் 44. இரண்டரை மில்லிமீட்டர் வளையம் ஒன்றைப் போட்டால் கேனானில் உட்கார்ந்துவிடும். மின் தொடர்பு எதுவும் கிடையாது, கேமராவில் அப்பர்ச்சர் 00 என்று காட்டும். லென்ஸின் மேல் இருக்கும் அப்பர்ச்சர் வளையத்தைக் கையால் திருப்பினால் அந்த நொடியே உள்ளே இதழ்கள் மூடிக்கொள்ளும், மூடியபடியே இருக்கும். புது லென்ஸ்களில் நாம் பார்க்கும்போது அப்பர்ச்சர் எப்போதும் முழுக்கத் திறந்திருக்கும், படம் எடுக்கும் கணத்தில்தான் மூடும். அந்த வித்தியாசம்தான் என்னைக் காப்பாற்றியது.

ஒரு ராத்திரி சாப்பிட்டுவிட்டு, ட்யூப்லைட் வெளிச்சத்தில் சுவரிலிருந்த தினசரி காலண்டரைப் பார்த்துக்கொண்டு சும்மா அந்த வளையத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். 1.4-லிருந்து 2-க்கு ஒரு க்ளிக். உள்ளே வருகிற வெளிச்சம் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். வியூஃபைண்டரில் எதுவும் நடக்கவில்லை. 2.8-க்கு இன்னொரு க்ளிக், இப்போது வெளிச்சம் கால்வாசிதான். வியூஃபைண்டரில் கொஞ்சம் மங்கியதோ என்று சந்தேகப்படுகிற அளவுக்குக்கூட மாற்றமில்லை. 4-க்குப் போனபோதுதான் சட்டென்று ஒரு திரை இறங்கியதுபோல இருட்டியது. இதழ்கள் ஒட்டிக்கொண்டுவிட்டனவோ என்று கேமராவைத் திருப்பி லென்ஸின் முன்பக்கம் பார்த்தேன். 2.8-ல் ஏழு இதழ்களும் ஒழுங்காக மூடி, நடுவில் சின்னத் துளை விட்டு நின்றுகொண்டிருந்தன. மறுபடி கண்ணை வைத்தேன், 1.4, 2, 2.8, திரும்ப 1.4. ஒரே பிம்பம். காலண்டர் இருந்த சுவரின் ஓரத்துக்கு அப்பால் தெரிந்த ஜன்னல் கம்பிகூட மூன்றிலும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தது. 1.4-ல் அது இன்னும் கரைந்திருக்க வேண்டும் இல்லையா?

இத்தனை நாளும் நான் 1.4-ஐக் கண்ணால் பார்த்ததே இல்லை. கேமரா எனக்குக் காட்டியதெல்லாம் ஏறக்குறைய 2.8-ன் பிம்பம். நாலு அடி தூரத்தில் 50 எம்எம் லென்ஸில் 1.4-க்குத் தெளிவாக விழும் ஆழம் சுமார் 5 சென்டிமீட்டர், 2.8-க்குச் சுமார் 10. பெரியப்பா முகத்தைச் சற்றே திருப்பி உட்கார்ந்திருந்தார், கண்ணுக்கும் காதுக்கும் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் முன்பின். வியூஃபைண்டரில் கண்ணும் தெளிவு, காதும் தெளிவு. சென்சாருக்கு இரண்டில் ஒன்றுதான். நான் நம்பி அழுத்தியது சரிதான், என்னிடம் காட்டப்பட்டதுதான் வேறு.

ஏன் இப்படிச் செய்தார்கள்?

வேண்டுமென்று யாரும் ஏமாற்றவில்லை. 1985-ல் மினோல்டா 7000 கேமரா வந்தபின் ஆட்டோஃபோகஸ்தான் எல்லாம் என்றானது. மிரர் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் கசிந்து கீழே இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குப் போக வேண்டியிருந்ததால் மேலே போகும் வெளிச்சம் குறைந்தது. கேமராவோடு வரும் ஜூம் லென்ஸ்களும் 3.5, 5.6 என்று இருண்டவை. பழைய மேட் திரையை அப்படியே வைத்திருந்தால் கடையில் கேமராவைக் கையிலெடுக்கிறவர் இருட்டாக இருக்கிறதே என்று கீழே வைத்துவிடுவார். அதனால் திரையின் சொரசொரப்பைக் குறைத்து, நுண்ணிய லென்ஸ் புள்ளிகளால் ஆன பரப்பாக மாற்றினார்கள். சொரசொரப்பான மேட் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் இறைக்கும், அதனால் லென்ஸின் விளிம்பிலிருந்து சாய்வாக வருகிற கதிரிலும் ஒரு பங்கு நம் கண்ணுக்கு வந்து சேரும். புதுத் திரை குறைவாக இறைக்கிறது, நடுவிலிருந்து நேராக வரும் கதிர்கள் வீணாகாமல் பளிச்சென்று வருகின்றன, விளிம்புக் கதிர்கள் கண்ணைத் தாண்டி வேறெங்கோ போய்விடுகின்றன. 1.4 லென்ஸுக்கு அந்த விளிம்புதான் உயிர். எஃப்எம்2-வில் லென்ஸின் ஃபோகஸ் மோதிரத்தைத் திருப்பும்போது பிம்பம் ‘டக்’கென்று பிடிக்குமே, அந்தப் பிடிப்பு விளிம்புக் கதிர்களால்தான் வருகிறது.

சரி, திரையை மாற்ற வேண்டும் என்று முடிவானது. எந்தத் திரை என்பதில்தான் மறுபடி ஒரு மாதம் போனது, ஏனென்றால் எனக்கு ஆசை ஒன்றின் மேல் இருந்தது.

வட்டமா, வெறும் மேட்டா?

ஃபிலிம் கேமராவில் கண் வைத்த எவருக்கும் நடுவில் இருக்கும் அந்த வட்டம் மறக்காது. உருவம் இரண்டாக வெட்டுப்பட்டு நிற்கும், மோதிரத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பாதியும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் ஃபோகஸ். சின்ன வயதில் பெரியப்பா ஸ்டுடியோவில் ஸ்டூல் மேல் ஏறி நின்று அதைத்தான் விளையாடிக்கொண்டிருப்பேன். டிஜிட்டல் கேமராவுக்கும் அப்படி ஸ்பிளிட் திரை கிடைக்கிறது, நிக்கான் எஃப்எம்3ஏ-வின் கே3 திரையை அளவுக்கு வெட்டித் தேய்த்து கேனானுக்குப் பொருத்தி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம் கேனானே செய்த ஈஜி-எஸ் திரை. வட்டம் கிடையாது, கோடு கிடையாது, வெறும் மேட், ஆனால் இறைப்பு அதிகமுள்ள மேட். 2.8 அல்லது அதைவிட வெளிச்சமான லென்ஸுக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று கேனானே சொல்கிறது. என் மனசு வட்டத்தின் பக்கமே சாய்ந்தது, பணம் கட்டப் போகிற நிலைக்கு வந்துவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பெரியப்பாவிடம் போனேன்.

அவருக்கு இப்போது 74. திண்ணையில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “வட்டத்த நான் எங்கடா பார்த்தேன்?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. “கல்யாணத்துக்கெல்லாம் அதுலதானே பெரியப்பா ஃபோகஸ் வெப்பீங்க?”

“குரூப் போட்டோவுக்கு வெப்பேன். வரிசையா நிக்கிறவங்க வேட்டிக்கர இருக்கும், புடவ பார்டர் இருக்கும், நேர்கோடு கெடச்சா அது நல்லா ஒட்டும். மொகத்துல எங்கடா இருக்கு கோடு? தாலி கட்டும்போது பொண்ணு தலைய குனிஞ்சிருக்கும், மொகம் ஓரத்துல இருக்கும், நடுவுல அய்யரு கையி. வட்டத்துக்குள்ள மொகத்த கொண்டாந்து, ஒட்டவெச்சி, திரும்ப நகத்தறதுக்குள்ள மூணு முடிச்சும் போட்ருவான். வட்டத்துக்கு வெளிய இருக்குதே மேட்டு, அதுலதான் பார்ப்பேன். மொகம் எங்க இருக்கோ அங்கயே பார்ப்பேன்.”

நாற்பது வருஷம் கேமராவில் கண் வைத்தவர் சொல்கிறார். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவர் கையால் தெரிந்துவைத்திருந்தது அப்படியே வந்தது. கேமராவை நிமிர்த்திப் பிடித்து, நாலு அடியில் இருக்கிறவரின் கண்ணை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, கண் சட்டத்தின் மேல்விளிம்புக்குப் பக்கம் வரும்படி கேமராவைச் சாய்த்தால், தெளிவு விழும் தளம் கண்ணுக்குப் பின்னால் 3 சென்டிமீட்டருக்கும் மேலே போய்விடும். 1.4-ன் 5 சென்டிமீட்டரில் அந்தத் தளத்துக்கு முன்னால் கிடைப்பது இரண்டரைதான். இரண்டு பாதியையும் எவ்வளவு கச்சிதமாக ஒட்டவைத்தாலும், சாய்க்கும்போது அது கெட்டுவிடுகிறது. வட்டத்தை வைத்துக்கொண்டு சாய்க்காமல் எடுக்க வேண்டுமென்றால் எல்லா முகமும் நட்டநடுவில்தான். 5.6 அல்லது அதைவிட இருண்ட லென்ஸ்களில் வட்டத்தின் ஒரு பாதி கறுத்துவிடும். போதாததற்கு, இந்தக் கேமராக்களில் வெளிச்சத்தை அளக்கும் சென்சாரும் மேலேயிருந்து அதே திரையைத்தான் பார்க்கிறது, நடுவில் அந்த வட்டத்தின் பிரிஸம் இருந்தால், நடுப்புள்ளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டர் தடுமாறும். பொருட்களை, கட்டடத்தை, நிதானமாக நடுவில் வைத்து எடுக்கிறவர்களுக்கு வட்டம் நல்ல துணைதான். எனக்கு வேண்டியது முகம்.

மிரரே இல்லாத மிரர்லெஸ் கேமரா ஏன் வாங்கிக்கொள்ளக் கூடாது என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக வாங்கலாம், படம் மட்டும் முக்கியமென்றால் அதுதான் சுலபம், சென்சார் பார்ப்பதையே பெரிதாக்கிக் காட்டுகிறது. நான் ஒருவருடைய முகத்தைப் பார்க்கும்போது நடுவில் கண்ணாடியும் வெளிச்சமும் மட்டும் இருப்பது எனக்கு வேண்டியிருக்கிறது. லென்ஸைக் கேனானில் மாட்டும் வளையத்தைச் சிப் ஒட்டியதாக வாங்கினால் ஃபோகஸ் சரியானதும் கேமரா ‘பீப்’ என்று சொல்லும், அதையும் போட்டுப் பார்த்தேன். 1.4-ல் மோதிரத்தை ஒரு மயிரிழை நகர்த்திய பிறகும் அது பீப் என்றுதான் சொன்னது.

ஈஜி-எஸ் வாங்கினேன். வாங்குவதற்கு முன் உங்கள் கேமரா எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய 5டி-க்கு ஈஈ-எஸ், 5டி மார்க் 2-க்கும் 6டி-க்கும் ஈஜி-எஸ், 40டி, 50டி, 60டி-க்கு ஈஎஃப்-எஸ். 7டி-யிலும் 5டி மார்க் 3-லும் நாமே மாற்றுகிற மாதிரி வைக்கவில்லை.

மாட்டியது மே மாதம், கத்திரி வெயிலில். தூசி பறக்கக் கூடாதென்று ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், ஒரு சொட்டு வியர்வை உள்ளே விழுந்தால் அவ்வளவுதான். கேமராவைக் கவிழ்த்தாற்போல் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் மாட்டும் வாயின் மேல்பக்கம் பார்த்தால் சின்னக் கொக்கி ஒன்று தெரியும். திரையோடு வரும் இடுக்கியால் அதை இழுத்தால் மெல்லிய சட்டம் ஒன்று தொங்கும், திரை அதில் படுத்திருக்கும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் காதைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், பரப்பில் விரல் பட்டால் ரேகை போகாது, துணியால் துடைத்தால் கீறல் விழும், தூசியென்றால் காற்றுப் பந்தால் ஊதுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். (உள்ளே இரண்டு தூசி தங்கிவிட்டால் பயப்படாதீர்கள், அது கண்ணுக்குத்தான் தெரியும், படத்தில் வராது.) வெளியே எடுத்த பழைய திரையையும் புதியதையும் இரண்டு இடுக்கியில் பிடித்து ட்யூப்லைட்டுக்கு எதிரே சாய்த்துப் பார்த்தேன். பழையதில் ட்யூப்லைட்டின் வடிவம் ஓரளவு அடையாளம் தெரிந்தது. புதியதில் வெறும் வெள்ளைப் படலம், தோசை மாவு தடவியதுபோல. நான் இவ்வளவு நாள் தேடிய வித்தியாசம் அந்த ஒரு சாய்ப்பில் கண்முன் நின்றது. மெனுவில் போய்த் திரை எஸ் என்று மாற்றியும் விட வேண்டும், இல்லாவிட்டால் மீட்டர் பழைய திரையை நினைத்துக்கொண்டு அளக்கும்.

அப்புறம் காலண்டர். 1.4-லிருந்து 2-க்குத் திருப்பினேன். பிம்பம் இருண்டது. 2.8-க்கு, இன்னும் இருண்டது. 1.4-க்குத் திரும்பியபோது ஜன்னல் கம்பி கரைந்து இல்லாமலே போனது. மோதிரத்தை மெதுவாகத் திருப்பினேன், தேதியின் விளிம்பு மங்கலிலிருந்து வந்து, நின்று, மறுபடி போனது. அந்த நிற்கிற இடம் ஒரு நூலளவுதான்.

61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, படகுகள் போய்த் திரும்பிய முதல் வாரம் முதுநகர் துறைமுகத்துக்குப் போனேன். ஏலம் விடுகிற பெண்களின் முகம் ஒரு நொடி நிற்காது, கூடையைப் பார்க்கும், வாங்குகிறவனைப் பார்க்கும், காசைப் பார்க்கும். இந்தத் தடவையும் 60 படம், 1.4-லும் 2-லும். 38-ல் கண்ணில் நின்றிருந்தது. மீதி 22-ல் பலவற்றில் நான் தாமதித்தது எனக்கே தெரியும், அழுத்தும்போதே போய்விட்டது என்று தெரிந்துதான் அழுத்தினேன். தவறுவது வியூஃபைண்டரிலேயே தெரிந்தால் அதோடு பழகிக்கொள்ளலாம்.

கஷ்டமும் உண்டு. என்னிடமிருக்கும் 24-105 எஃப் 4 ஜூமை மாட்டினால் வியூஃபைண்டர் நன்றாகவே இருட்டுகிறது, சாயங்காலம் ஆனால் கண்ணை உறுத்துகிறது. பழைய திரையைப் புதியதின் பெட்டியிலேயே சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு போட்டு வைத்திருக்கிறேன், இந்தக் கடல்காற்றில் எதையும் சும்மா வைக்க முடியாது. ஆனால் ஒரு தடவைகூடத் திரும்ப மாட்டவில்லை. பெரியப்பாவின் 135 எம்எம் எஃப் 2.8 லென்ஸ் ஒன்று பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது, பாண்டிச்சேரியில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன், அது வந்தால் இந்தத் திரையில் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடுத்த மாதம் திருவந்திபுரத்தில் தங்கை மகளுக்கு மொட்டையடித்துக் காதுகுத்து. ஜூம் எடுத்து வா, எல்லோரும் வருகிறார்கள் என்று தங்கை சொல்கிறாள். இந்த 50-ஐத்தான் எடுத்துப் போகிறேன். அன்றைக்குக் கண்ணும் வேண்டும், காதும் வேண்டும், அதனால் 1.4-ல் ஃபோகஸ் வைத்துவிட்டு வளையத்தை 4-க்குத் திருப்பி எடுக்கலாம் என்று இருக்கிறேன். குழந்தை யார் மடியில், எந்தப் பக்கம் திரும்பி உட்காரப் போகிறது என்று மட்டும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தாய்மாமன் மடி என்றால் என் மடி. அப்போது கேமராவைப் பெரியப்பா கையில்தான் கொடுக்க வேண்டும்.